27 தெரிந்த கேணலுக்கு 31 தெரியவில்லை

வாசகர் கேள்வி – பதில்

‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957) படத்தைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திருகோணமலை மாவட்டத்துக் கடிதங்கள். படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: 1943, தாய்லாந்துக் காடு. ஜப்பானியரிடம் கைதியான பிரித்தானியப் படையணி ஒன்று ரயில் பாலம் கட்ட அனுப்பப்படுகிறது. முகாம் பொறுப்பாளர் கேணல் சைட்டோ. கைதிகளின் தலைவர் கேணல் நிக்கல்சன். முதலில் மறுக்கும் நிக்கல்சன் பிறகு அந்தப் பாலத்தைத் தன் பிள்ளையைப் போலக் கட்டி முடிக்கிறார். அதைத் தகர்க்க இலங்கையிலிருந்து ஒரு சிறு குழு (மேஜர் வார்டன், ஷியர்ஸ், ஜொய்ஸ் முதலானோர்) புறப்படுகிறது. முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

நிக்கல்சன் வீரனா, துரோகியா? இரண்டு தரம் பார்த்தும் பிடிபடவில்லை.
– வாசகி, உப்புவெளி

இரண்டு சொல்லையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் சின்னப் புத்தகத்தைக் கவனியுங்கள். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அது. போர்க்கைதிகளான அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக்கூடாது, சார்ஜன்ட் தரத்தவர்களை மேற்பார்வைக்கு மட்டுமே வைக்கலாம் என்று 27ஆம் உறுப்புரை சொல்கிறது. நிக்கல்சன் அதைக் காட்டுகிறார். சைட்டோ அதே புத்தகத்தால் அவர் முகத்தில் அறைகிறார். (ஜப்பான் அந்த உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தது, பின்னேற்பு (கையெழுத்துக்குப் பிறகு தரும் இறுதி ஒப்புதல்) அளிக்கவில்லை. ‘வேண்டிய மாற்றங்களோடு’ கைக்கொள்வோம் என்று 1942இல் வாக்கு மட்டும் கொடுத்தது.) அதன் பிறகு வெயிலில் கொதிக்கும் தகரக் கூட்டில் நாட்கணக்கில் அடைபட்டும் நிக்கல்சன் மசியவில்லை. இந்த இடம் வரை அவர் மேல் மரியாதை வராத ஆள் இருக்க முடியாது.

அதே புத்தகத்தில் நான்கு உறுப்புரை தள்ளி 31 இருக்கிறது. கைதிகளிடம் வாங்கும் வேலைக்குப் போர் நடவடிக்கைகளோடு நேரடித் தொடர்பு இருக்கக்கூடாது, போரிடும் படைகளுக்கான பொருள்களைக் கொண்டு செல்லும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தக்கூடாது என்கிறது அது. பர்மாப் போர்முனைக்குத் துருப்பும் தளபாடமும் ஏற்றிப் போகிற ரயில் பாதைக்குப் பாலம் கட்டுவது வேறு என்னவாம்? படத்தில் 31ஐப் பற்றி நிக்கல்சன் மூச்சும் விடுவதில்லை. தன் தரத்தாரின் மானத்தைக் காக்கும் வரி மனப்பாடம். தன் நாட்டுப் படையைக் காக்கும் வரி கண்ணில் படவில்லை. எங்கள் கணக்கில் படத்தின் முடிச்சு இங்கேதான்.

இன்னும் ஒன்று. சைட்டோ இறங்கி வந்த பிறகு, ரஷ்யாவை வென்ற நாளின் ஆண்டு நிறைவைச் சாட்டாக வைத்து அதிகாரிகளுக்குக் கைவேலையிலிருந்து விலக்குக் கொடுக்கிறார். நிக்கல்சனுக்கு வெற்றி. ஆனால் மே 12 என்ற கெடு நெருங்க, ஆள் போதாமல், எந்த அதிகாரிகளுக்காக அவர் கூட்டில் கிடந்தாரோ அந்த அதிகாரிகளையே தானே கைவேலைக்கு இறக்குகிறார். அதுவும் போதாமல் வைத்தியக் குடிசைக்குள் நுழைந்து ஒவ்வொரு படுக்கையாகப் பார்க்கிறார். எழுந்து நிற்கக் கூடியவர்களுக்கு இலேசான வேலை, கொஞ்சம் வெளிக்காற்று நல்லது என்கிறார். நொண்டியபடி ஒரு வரிசை அவர் பின்னால் போகிறது. சைட்டோ அடித்தும் மிரட்டியும் செய்ய முடியாததை இவர் கனிவாகக் கேட்டே செய்துவிட்டார். படத்தில் எங்களுக்கு அதிகம் பயம் தந்த காட்சி துப்பாக்கி இல்லாத இந்தக் காட்சிதான்.

வைத்திய அதிகாரி கிளிப்டன் கேட்கத்தான் செய்கிறார்: எதிரிக்கு இவ்வளவு நல்ல பாலம் கட்டுவது துரோகம் ஆகாதா? சைட்டோவுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தால் உன் வேலையை ஒழுங்காகச் செய்வாயா, சாக விடுவாயா என்று நிக்கல்சன் திருப்பிக் கேட்கிறார். கிளிப்டனுக்கு வாயடைத்துவிடுகிறது. நமக்கு அடைக்க வேண்டியதில்லை. காயப்பட்ட எதிரிக்கு மருந்து கட்டுவது வைத்தியரின் கடமை என்று உடன்படிக்கைகளே சொல்கின்றன. எதிரியின் இராணுவப் பாதைக்குத் தூண் நடுவதை எந்த உடன்படிக்கையும் கடமையாக்கவில்லை. ஒப்புமை அழகானது, ஆனால் பொருந்தாது.

ஜப்பானியப் பொறியியலாளருக்குப் பாலம் கட்டத் தெரியாது என்று காட்டியிருக்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், சீனக்குடா

உண்மையில்லை. படத்தின் பெரிய பிழையும் ஒருவகைத் திமிரும் அது. ரயில் பாதையை அளந்து, வரைந்து, நடத்தியவர்கள் ஜப்பானிய ரயில்வேப் படையணிகளின் பொறியியலாளர்கள். ஏறத்தாழ 415 கிலோமீற்றர் பாதை 1942 நடுவில் தொடங்கி 1943 ஒக்டோபரில் இரு முனைகளும் சந்தித்தது. தொழில் தெரியாதவர்களால் ஆகிற காரியமா?

படத்தில் கைதிகளிடையே பொறியியலாளரான கப்டன் ரீவ்ஸ் சொல்லும் தொழில்நுட்பம் மட்டும் சரியானது. ஜப்பானியர் தெரிந்தெடுத்த இடத்தில் ஆற்றடி வெறும் சேறு. அங்கே அடித்த மரத் தூண் அடிக்க அடிக்க இறங்கிக்கொண்டே போகும். ஒரு தூண் நின்று அடுத்தது இன்னும் இறங்கினால் மேலே சட்டம் சரியும். வெறுமனே நிற்கும்போது தெரியாத சரிவு, ரயில் ஏறி அதிரும்போது பிளக்கும். அதனால் கெட்டித் தளம் உள்ள இடத்துக்கு, ஆற்றின் போக்கில் கீழே, பாலத்தை நகர்த்தச் சொல்கிறார். நல்ல மரமானால் பழைய லண்டன் பாலத்துத் தூண்கள் போல 600 வருடம் நிற்கும் என்றும் சொல்கிறார். நிக்கல்சனின் கண் அந்த 600இல்தான் மாட்டுகிறது.

உண்மைப் பாதையில் மரப் பாலங்களுக்குத் தூண் இறக்கிய விதம்: உயரச் சாரம் கட்டி, உச்சியில் கப்பி, கயிற்று முனையில் பாரமான கட்டை. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் கயிற்றைப் பிடித்து, ஜப்பானிய மொழியில் எண்ணிக்கை சொல்லி இழுத்து, ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒருவர் பிந்தினால் கயிறு கையைக் கிழித்துக்கொண்டு ஓடும். கட்டை சரிந்து விழுந்தால் தூணின் தலை பிளக்கும். இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நின்று செய்த வேலை இது.

உண்மைப் பாதையில், தாய்லாந்தின் தாமரகானில் இரண்டு பாலங்கள் இருந்தன: மரத்தால் ஒன்று, ஜாவாவிலிருந்து கொண்டுவந்த உருக்குச் சட்டங்களால் ஒன்று. இரண்டும் 1943இல் முடிந்தன. எந்தக் குழுவும் வந்து தகர்க்கவில்லை. 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. இன்று உருக்குப் பாலத்தைப் பார்ப்பவர்கள் கவனிக்கலாம்: வளைந்த சட்டங்கள் பழையவை, நடுவிலுள்ள நேர்ச் சட்டங்கள் போருக்குப் பின் போட்டவை. வேடிக்கை என்னவென்றால் அது நின்றது மே குளோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டுக் ‘குவாய் எங்கே’ என்று வந்தவர்களுக்காக 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே ‘குவே யாய்’ என்று பெயரை மாற்றிவிட்டார்கள்.

அங்கே கைதிகளின் தலைவராக இருந்தவர் லெப்டினன்ட் கேணல் பிலிப் டூசி. அவர் நிக்கல்சனைப் போல இல்லை. வேலையை இழுத்தடித்தார், கொங்கிறீற்றைப் பிழையாகக் கலக்க விட்டார், அவருடைய ஆட்கள் கறையான் பிடித்து வந்து மரங்களில் விட்டார்கள். தன் ஆட்களின் உயிரைக் காக்க எவ்வளவு ஒத்துழைக்க வேண்டுமோ அவ்வளவுதான் ஒத்துழைத்தார். படம் வந்தபோது அவருடைய முன்னாள் கைதிகள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

என் பெரியப்பா மலாயாவில் இருந்தவர். ‘சயாமுக்குப் போன தமிழாட்கள் திரும்பவில்லை’ என்பார். படத்தில் ஒரு தமிழ் முகமும் இல்லையே?
– வாசகர், மூதூர்

இல்லைத்தான். படத்தைப் பற்றிய எங்கள் பெரிய குறையும் அதுவே.

அந்தப் பாதையில் 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் வேலை செய்தார்கள். 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ குறைந்தது 1,80,000 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று பலர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும் பங்கு றப்பர்த் தோட்டத் தமிழர். முதலில் நல்ல கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததால் ஆள் சேரவில்லை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டம் சேர்த்து, கதவைப் பூட்டி, அப்படியே ரயிலில் ஏற்றியதும் நடந்திருக்கிறது. திரைப்படப் பகுதியில் எழுதும்போது அந்தத் தகவல் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

ஏன் இவர்களிடையே சாவு அவ்வளவு அதிகம்? சோறும் அடியும் இரு தரப்புக்கும் மோசம்தான். வித்தியாசம் அமைப்பில் இருந்தது. கைதிகளோடு அவர்களுடைய இராணுவ வைத்தியர்கள் இருந்தார்கள். கக்கூசுக் குழியை ஆற்றுக்கு அப்பால் ஆழமாகத் தோண்ட வேண்டும், கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறு குடிக்கக்கூடாது, சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு வேளையும் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று கட்டளை போட்டு, மீறினவனைக் கண்டித்தார்கள். 1943 மழையோடு கொலரா வந்தபோது உயிரைக் காத்தது இந்த ஒழுங்குதான். தோட்டத்துச் சனத்துக்குக் கட்டளையிட ஆளில்லை, வைத்தியர் இல்லை, மேல் முகாமில் அசுத்தமான ஆற்று நீரையே கீழே குடித்தார்கள். கொலரா ஒரு கொட்டகையில் நுழைந்தால் கொட்டகையே காலியாகும்.

ஆகவே நிக்கல்சன் ஒழுங்கு ஒழுங்கு என்று அடித்துக்கொள்வதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. ஒழுங்கில்லாத முகாமில் ஆட்கள் செத்தார்கள். அவருடைய பிழை, ஆளைக் காக்க வைத்த ஒழுங்கைப் பாலத்தைக் காக்கத் திருப்பியது.

உங்கள் பெரியப்பா காலத்து ஆட்களுக்கு 27ஆம் உறுப்புரையும் இல்லை, 31உம் இல்லை. அந்த உடன்படிக்கை படையினருக்கானது. கூலியாட்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. படத்தில் ஆசியராக வருவோர் காவலர்களும், தகர்ப்புக் குழுவுக்குச் சுமை தூக்கும் தாய்லாந்துப் பெண்களும், வழிகாட்டியும் மட்டும்.

உயர்தர மாணவர்களுக்குப் போட்டுக் காட்டிக் கலந்துரையாட விருப்பம். எப்படி நடத்துவது?
– ஆசிரியர், உவர்மலை

படம் 161 நிமிடம். 40 நிமிடப் பாடவேளை ஐந்தாவது கேட்டு வாங்குங்கள். இரண்டு நாளாகப் பிரிக்கலாம். ஒரே மூச்சில் போட்டால் கடைசி அரை மணிக்குள் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். பேச வேண்டிய விஷயமோ அங்கேதான் இருக்கிறது.

பிரதி கவனம். சினிமாஸ்கோப் படம் இது, உயரத்தைப் போல 2.55 மடங்கு அகலம். பழைய தொலைக்காட்சிக்காக வெட்டிய பிரதி கிடைத்தால் ஏறக்குறைய பாதிப் படம் காணாமல் போயிருக்கும். அணிவகுப்பு மைதானத்தில் ஒரு கரையில் சைட்டோ, மறு கரையில் நிக்கல்சன், நடுவே வெறும் வெயில் என்று அமைத்த காட்சிகளில் ஒருவர்தான் தெரிவார். போடுமுன் ஒரு நிமிடம் ஓடவிட்டு, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சரியான பிரதி. திரை 8 அடி அகலமென்றால் படத்தின் உயரம் 3 அடி 2 அங்குலம்தான் வரும். ஆகவே முதல் வரிசையை வழக்கத்தை விடக் கிட்டவாகப் போடுங்கள். மண்டபத்தின் கடலோரப் பக்க யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டாமல் காலை நேரத்தில் போடவே வேண்டாம். காட்டுக் காட்சிகள் வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

நிறுத்த வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, சைட்டோ மூன்று வரை எண்ணத் தொடங்க, லொறியில் இயந்திரத் துப்பாக்கி தயாராக இருக்க, கிளிப்டன் வைத்தியக் குடிசையிலிருந்து ஓடி வந்து ‘நானும் நோயாளிகளும் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்று கத்தும் இடம். சாட்சி ஒருவர் இருப்பது மட்டுமே கொலையை எப்படி நிறுத்துகிறது என்று கேளுங்கள். இரண்டாவது, நிக்கல்சனை விடுவித்த பிறகு சைட்டோ தனியே அழும் இடம். பிள்ளைகள் சிரிக்கக் கூடும். உடனே அடக்காதீர்கள். கெடுவுக்குள் முடியாவிட்டால் அவர் தற்கொலை செய்துகொள்ள வேண்டியவர் என்பதை நினைவூட்டினால் போதும், அமைதி தானாக வரும். மூன்றாவது, நோயாளிகளை வேலைக்கு அழைத்த காட்சி. இங்கே 27ஐயும் 31ஐயும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். முன்கூட்டியே எழுதினால் பிள்ளைகள் விடையோடு பார்ப்பார்கள், பயனில்லை.

‘யார் சரி?’ என்று கேட்டால் விவாத மேடையாகி, குரல் பெரியவன் வெல்வான். ‘எந்த இடத்தில் நிக்கல்சன் நின்றிருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். ஆளுக்கொரு காட்சி சொல்வார்கள், அதிலிருந்து பேச்சு நகரும்.

பாலம் முடிந்த மாலையில் நிக்கல்சனின் கைத்தடி ஆற்றில் விழுகிறதே, தற்செயலா?
– வாசகர், தம்பலகாமம்

நிக்கல்சனுக்குத் தற்செயல், இயக்குநர் டேவிட் லீனுக்குத் தற்செயல் இல்லை. 28 வருடச் சேவையைப் பற்றி, வீட்டில் கழித்த மாதங்கள் எவ்வளவு குறைவு என்பதைப் பற்றி, வாழ்ந்ததற்கு ஏதாவது அர்த்தம் இருந்ததா என்பதைப் பற்றி சைட்டோவிடம் சொல்லிக்கொண்டே வரும்போது தடி கை நழுவுகிறது. அதிகாரத்தின் அடையாளம் அந்தத் தடி. அன்றிரவு கைதிகள் பாட்டும் கூத்துமாக இருக்கையில், தகர்ப்புக் குழு தூண்களில் வெடிமருந்து கட்டுகிறது.

முடிவில் மேஜர் வார்டன் தன் ஆட்கள் இருக்கும் இடத்துக்கே மோட்டார் (தூக்கிச் செல்லும் சிறு பீரங்கி) அடிக்கிறாரே, அது சரியா?
– வாசகி, கிண்ணியா

என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். இரவோடு இரவாக ஆற்று மட்டம் இறங்க, தண்ணீருக்குள் ஓட்டிய மின்கம்பி வெளியே தெரிகிறது. நிக்கல்சன் கண்டு, சைட்டோவையும் கூட்டிக்கொண்டு கம்பியை இழுத்தபடி போகிறார். ஜொய்ஸ் சைட்டோவைக் குத்துகிறான். நிக்கல்சன் அவனைத் தடுக்கிறார். இருவரும் பிரித்தானியர். மறு கரையிலிருந்து நீந்தி வரும் அமெரிக்கன் ஷியர்ஸும் சுடப்படுகிறான். அப்போதுதான் நிக்கல்சனுக்குத் தான் செய்தது உறைக்கிறது. மோட்டார் குண்டு பட்டு, தடுமாறி, வெடிவிசைப் பெட்டியின் மேலேயே விழுகிறார்.

வேறு வழியில்லை, உயிரோடு பிடிபட்டிருப்பார்கள் என்று வார்டன் பிறகு தாய்லாந்துப் பெண்களிடம் சொல்கிறார். பெண்கள் பதில் சொல்லவில்லை, விலகிப் பார்க்கிறார்கள். வார்டன் மோட்டாரைத் தூக்கி எறிகிறார். இராணுவக் கணக்கில் அவர் சொன்னது நிற்கும். படம் தன் தீர்ப்பை அந்தப் பெண்களின் முகத்தில் வைத்திருக்கிறது. எங்களுக்கும் அவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. முன்பே ஷியர்ஸ் அவரிடம் சொன்னது நினைவிருக்கட்டும்: நீங்களும் நிக்கல்சனும் ஒரே வார்ப்பு, விதிப்படி சாவது எப்படி என்றுதான் யோசிக்கிறீர்கள், மனிதனாக வாழ்வதைப் பற்றி இல்லை. ஷியர்ஸ் யோக்கியன் இல்லை. இறந்த அதிகாரியின் உடுப்பைப் போட்டுச் சலுகை தேடியவன். படத்தின் நல்ல வார்த்தையை ஒரு பொய்யன் வாயில் வைத்திருப்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

கைதிகள் பாடாமல் சீட்டி அடிப்பது ஏன்?
– மாணவன், நிலாவெளி

1914இல் வந்த இராணுவ நடைமெட்டு அது. சிப்பாய்கள் அதற்குப் போட்ட வரிகள் குடும்பத்தோடு கேட்கக் கூடியவை இல்லை. சீட்டியென்றால் தணிக்கைக்கு வேலையில்லை.

எங்கள் துறைமுகத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், சாம்பல்தீவு

உண்டு. மலாயாவைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பலில் போவது நேச நாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்து என்பதுதான் ஜப்பானியர் காட்டைக் குடைந்து ரயில் பாதை போட முக்கிய காரணம். அந்த நீரிணைக்குப் போன நீர்மூழ்கிகள் பின்னாளில் தங்கிய இடம் திருகோணமலை. இங்கிருந்து போன ‘டாலி ஹோ’ 1944 ஜனவரியில் பினாங்குக்கு அருகே ‘குமா’ என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. அதற்கு முன் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியதும், அன்றே ‘ஹெர்மீஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதும் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் விதிப்படி, கல்லில் படைத்தகுதி பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் தகுதிக்கேற்பக் கல்லின் அளவு கூடுவதோ குறைவதோ இல்லை.

கித்துல்கலையில் படப்பிடிப்பு நடந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?
– வாசகர், கன்னியா

பாலம் இல்லை. உண்மையாகவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1957 மார்ச்சில், பிரதமர் பண்டாரநாயக்க முன்னிலையில். முதல் தடவை ஒரு கமராக்காரர் ஒதுங்காததால் வெடிக்கவில்லை. ரயில் பாலத்தைக் கடந்து போய் மின்பிறப்பாக்கியில் மோதியது. செப்பனிட்டு அடுத்த நாள் காலை எடுத்தார்கள். இப்போது களனி ஆற்றங்கரையில் கொங்கிறீற்று அத்திவாரத் துண்டுகள்தான் மிச்சம்.

திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, கண்டி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகப் போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது, ஓரிடத்தில் தங்குங்கள். அத்திவாரம் தெரிய ஆறு வற்றியிருக்க வேண்டும். மேலே பொல்பிட்டிய மின் நிலையம் நீர் விடும்போது மட்டம் சட்டென்று ஏறும். ஆகவே உள்ளூராரிடம் நேரம் கேட்காமல் நடுப்பாறைக்குப் போக வேண்டாம். பாசி பிடித்த பாறை, றப்பர்ச் செருப்பு சரிவராது.